கைகள் சொல்லித் தந்த ஆங்கிலம்

‘ஹேண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பள்ளியில் எனக்குக் கிடைத்த பொருள் ஒன்றுதான்: கை. அதோடு, தேர்வுக்கு வரும் என்று ஒரு மரபுத்தொடர்ப் பட்டியலும் கிடைத்தது. ‘ஹேண்ட் டு மவுத்’ என்றால் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போகிற பிழைப்பு. ‘ஓல்ட் ஹேண்ட்’ என்றால் அனுபவசாலி. ‘அப்பர் ஹேண்ட்’ என்றால் மேலாதிக்கம். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம்.

அந்தச் சொல்லை நான் உண்மையில் கற்றுக்கொண்டது கை பழுதானவர்களிடம். பிசியோதெரபிஸ்டாக, அதிலும் கைக்கான சிகிச்சையில், என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. முதலில் வேலூர், பிறகு இங்கிலாந்தின் லங்காஷயர். மேசைக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டிய ஒவ்வொருவரும் அந்தச் சொல்லின் ஒரு பொருளையும் கூடவே கொண்டுவந்தார்கள். அகராதியில் அந்தப் பொருள்கள் எண் போட்டு வரிசையாக நிற்கும். என் நினைவில் அவை ஆட்களாக, அவரவர் தொழிலோடும் வலியோடும் நிற்கின்றன.

மனிதக் கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இதைப் படித்து முடிப்பதற்குள் வேலூரில் டாக்டர் பால் பிராண்டின் பெயர் காதில் விழுந்துவிடும். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். மருத்துவம் படிப்பதற்கு முன் தச்சும் கட்டட வேலையும் பழகியவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கி வளைந்துபோன ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, முடிந்த மட்டும் இறுக்கச் சொன்னார். அந்தப் பிடி அவருக்கு வலித்தது. செயலற்றுப் போனதாக எல்லோரும் எண்ணிய கையில் இவ்வளவு வலு இருக்கிறதே என்ற வியப்பிலிருந்துதான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது. முன்னங்கையில் நல்ல நிலையில் இருக்கும் தசையின் நாணை இடம்மாற்றி, செயலிழந்த சிறு தசைகளின் வேலையை அதைக்கொண்டு செய்விக்கும் அறுவை சிகிச்சைகள் வேலூரில் அப்படித்தான் பிறந்தன.

இந்த வரலாற்றில் எங்களுக்கு அழுத்திச் சொல்லப்பட்ட பகுதி அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடந்தது. திருத்திய கையோடு வெளியே போன சிலரின் பிழைப்பு முன்னைவிட மோசமானது. விரல்கள் நேராகிவிட்டதால் பிச்சை குறைந்தது. நோயின் அடையாளம் உடம்பில் இருந்ததால் வேலை தர ஆளில்லை. அதனால்தான் பிராண்டும் அவருடைய சகாக்களும் நவஜீவ நிலையத்தை அமைத்து, அங்கே அவர்களுக்குத் தச்சு வேலை கற்பித்தார்கள். கை சரியானால் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்ற பாடத்தோடுதான் நான் லங்காஷயர் போய்ச் சேர்ந்தேன்.

அது 1990-களின் பிற்பகுதி. பர்ன்லிக்கும் பிளாக்பர்னுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு ஊர். ஒரு காலத்தில் உலகத்துக்கே துணி நெய்த வட்டாரம். நான் போனபோது பெரும்பாலான ஆலைகள் மூடிக் கிடந்தன. சில கிடங்காகியிருந்தன, சில இடிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றில் வேலை பார்த்தவர்கள் எழுபது எண்பது வயதில் ஊர் முழுக்க இருந்தார்கள். அவர்களுடைய கைகள் என்னிடம் வந்தன.

நோயாளியின் தொழில் என்ன என்று படிவத்தில் எழுத வேண்டும். கையைப் பொறுத்தவரை அது முக்கியமான கேள்வி. என் முதல் நோயாளிகளில் ஒருவரான ஒரு மூதாட்டியிடம், “என்னம்மா வேலை பார்த்தீங்க?” என்று கேட்டேன். “மில் ஹேண்ட், லவ்” என்றார். அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரையும் ‘லவ்’ என்றுதான் பிரியமாகக் கூப்பிடுவார்கள். நான் கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் தன்னையே ‘கை’ என்று சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது.

அவர் பேசும்போது உதடுகளைப் பெரிதாக அசைத்து, ஒவ்வொரு சொல்லையும் முகத்தால் வரைந்து காட்டுவார். எனக்கு ஆங்கிலம் புரியாது என்று நினைத்து அப்படிப் பேசவில்லை. தறிக்கூடத்தின் இரைச்சலில் காது கேட்காது. பக்கத்துத் தறிக்காரியிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டுமென்றால் உதட்டசைவால்தான் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்கு ‘மீ-மா’ என்று அவர்கள் பெயரே வைத்திருந்தார்கள். தறி ஓடத்தின் கண்ணில் நூலைக் கோக்க வாயை வைத்து உறிஞ்சுவதற்கு ‘ஓடத்தை முத்தமிடுவது’ என்று பெயர். ஒரே ஓடத்தில் பலர் வாய் வைத்ததால் நோய் பரவியதும், நூலின் தூசும் எண்ணெயும் வாய்க்குள் போனதும் அந்தப் பெயருக்குள் மறைந்திருக்கின்றன.

அவருக்கு மணிக்கட்டு நரம்பு நெரிபட்டிருந்தது. மணிக்கட்டின் குறுகலான வழியில் செல்லும் நடு நரம்பு அழுந்தினால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி மரத்துப்போகும். இரவில் ஊசி குத்துவதுபோல் வலித்து எழுப்பிவிடும். அறுவை சிகிச்சையில் மேலிருந்து அழுத்தும் தசைநாரை வெட்டிவிட்டார்கள். அதன்பின் உணர்ச்சி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க எங்களிடம் வெவ்வேறு பருமனில் நைலான் இழைகள் உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார், நாங்கள் விரல்நுனியில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்போம். ஒருநாள் அந்தச் சோதனையைத் தொடங்குவதற்குள் அவர் எட்டி, என் கழுத்தில் கிடந்த பருத்தித் துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். ஊரிலிருந்து கொண்டுபோன கைத்தறித் துண்டு அது. கண்ணை மூடியபடியே, “நல்ல ஹேண்டில், லவ். இது விசைத்தறித் துணி இல்ல” என்றார்.

துணியைத் தொட்டால் விரலுக்குத் தெரிகிற தன்மையை, அதன் மென்மையை, கனத்தை, முறுக்கத்தைத் துணித் தொழிலில் ‘ஹேண்ட்’ என்றும் ‘ஹேண்டில்’ என்றும் சொல்கிறார்கள். நம் ஊர் ஜவுளிக்கடையிலும் புடவையின் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் பேரம் தொடங்கும். அவருடைய விரல்களுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது என்பதை என் நைலான் இழைகளுக்கு முன்பே அந்தத் துண்டு சொல்லிவிட்டது.

கைத்தறி என்றதும் அவர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். லங்காஷயரிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கைத்தறி இருந்தது. விசைத்தறி வந்ததும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அந்த நெசவாளர்கள் வறுமையில் விழுந்து, அவர்களுடைய பிள்ளைகள் ஆலைக்குள் போனார்கள். பிறகு அதே ஆலைத்துணி கப்பலேறி வந்து நம் நெசவாளரின் தறியை நிறுத்தியது. 1931 செப்டம்பரில் காந்தி பக்கத்து ஊரான டார்வெனுக்கு வந்தபோது, அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்து நின்று அன்போடு வரவேற்றார்கள். அப்போது எடுத்த புகைப்படத்தை லங்காஷயரில் பலர் வீட்டில் இன்னும் நினைவுகூர்வார்கள். கையால் நூற்ற நூலை அடையாளமாக ஏந்தியவரும், ‘கைகள்’ என்றே அழைக்கப்பட்டவர்களும் ஒரே சட்டத்துக்குள் நிற்கும் படம் அது.

ஆலை வாசலில் ஆள் எடுக்கும் அறிவிப்பில் ‘ஹேண்ட்ஸ்’ வேண்டும் என்றுதான் எழுதுவார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1854 ஜனவரியில், பிரஸ்டன் நகரில் நெசவாளர் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதே ஆண்டு அவர் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் ஆலைத் தொழிலாளர்களுக்குப் பொதுப்பெயரே ‘ஹேண்ட்ஸ்’. முதலாளிக்குத் தேவைப்பட்டது கை. அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டு வரும் வயிறும் மனமும் குடும்பமும் அவருக்குத் தொந்தரவு. அந்த மனப்பாங்கை அந்த ஒரு சொல்லைக் கொண்டே டிக்கன்ஸ் தோலுரித்துக் காட்டினார்.

நம் ஊரில் நடவுக்கோ கட்டட வேலைக்கோ “ரெண்டு ஆள் அனுப்புங்க” என்போம். கூலி கொடுப்பதில் நாம் மேலானவர்கள் என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அழைக்கும் சொல்லில் முழு ஆள் நிற்கிறார். அந்த மூதாட்டியிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க அம்மா, பாட்டி எல்லாருமே ஹேண்ட்தான். ஆனா நாங்க அதைப் பெருமையாச் சொல்லுவோம்” என்றார். அதையும் நான் மறக்கவில்லை. மேலே இருப்பவன் சிறுமைப்படுத்த வைத்த பெயரைக் கீழே இருப்பவர்கள் எடுத்து, தங்கள் திறமையின் பெயராக ஆக்கிக்கொண்டார்கள். ‘குட் ஹேண்ட்’, ‘ஓல்ட் ஹேண்ட்’ என்று அவர்கள் வாயில் அந்தச் சொல் வரும்போது அதில் மரியாதை இருந்தது.

குளிர்காலம் தொடங்கினால் சுரங்கத் தொழிலாளர்கள் வருவார்கள். லங்காஷயரின் கடைசி ஆழ்சுரங்கமான பார்க்சைடு 1993-இல் மூடப்பட்டது. ஆனால் சுரங்கத்தில் பிடித்த துளைப்பான் அவர்கள் கையை விடவில்லை. அதிரும் கருவியை ஆண்டுக்கணக்கில் பிடித்தவர்களின் விரல்களில் சிறு இரத்தக் குழாய்களும் நரம்பு நுனிகளும் கெட்டுவிடுகின்றன. குளிர் பட்டால் குழாய்கள் சட்டென்று சுருங்கி விரல்கள் வெளுத்துப் போகும். இரத்தம் திரும்பும்போது எரிச்சலும் வலியும் உயிரை எடுக்கும். பிரிட்டன் இதை 1985-இல்தான் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1998-இல் நீதிமன்றம் சுரங்க நிர்வாகமே பொறுப்பு என்று தீர்ப்பளித்த பிறகு பெரிய அளவில் இழப்பீடு வழங்கப்பட்டது. சுரங்கங்கள் மூடியபிறகு கிடைத்த நீதி அது.

அவர்களில் ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் வந்தார். பேச்சு குறைவு. கூட வந்த மனைவிதான் எல்லாம் சொன்னார். “எந்த வேலைக்கும் கை வைப்பார்” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு: ‘டர்ன் ஹிஸ் ஹேண்ட் டு எனிதிங்’. அந்த அம்மாள் அதை இறந்த காலத்தில் சொன்னார். தோட்டம் போட்டார், புறாக் கூண்டு கட்டினார், பேத்திக்குத் தொட்டில் செய்தார் என்று அடுக்கினார். கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘கை குளிர்ந்தால் மனசு கதகதப்பு’ என்று அந்த ஊரில் ஒரு பழமொழி. யாரோ ஆறுதலுக்கு அதைச் சொல்ல, அவர் முகம் இறுகியதைப் பார்த்தேன். நல்ல பழமொழியும் தவறான கையில் போய் விழுந்தால் காயப்படுத்தும்.

அவர் தானாக வாய்திறந்தது சங்கத்தைப் பற்றிக் கேட்டபோதுதான். வேலைநிறுத்தமா இல்லையா என்பதைக் கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவுசெய்வார்கள் என்றார். ‘ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்’. பக்கத்தில் நிற்பவன் பார்க்கக் கை தூக்க வேண்டும். தூக்கியபின் அந்தச் சொல்லுக்கு நிற்க வேண்டும். 1984-இல் வந்த தொழிற்சங்கச் சட்டம், வேலைநிறுத்தத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு நடத்தாத சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது என்றாக்கியது. எது சரி என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவர் வலக்கையைத் தோளுக்கு மேலே உயர்த்திக் காட்டினார். விரல்கள் முழுதாக விரியவில்லை. சிகிச்சையின் இலக்கு என்ன என்று அந்த வாரம் படிவத்தில் எழுதும்போது பொத்தான் போடுவதோடு விரலை விரித்துக் கை உயர்த்துவதையும் சேர்த்துக்கொண்டேன்.

குதிரை லாயத்தில் வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தி மணிக்கட்டு எலும்பு முறிந்து வந்தாள். விழும்போது யாரும் கையைத்தான் ஊன்றுவோம். அப்படி முறிந்து வருபவர்களுக்காகவே மருத்துவமனைகளில் ‘ஃபூஷ்’ என்று ஒரு சுருக்கக் குறிப்பு இருக்கிறது. நீட்டிய கையில் விழுந்தவர் என்று பொருள். “எவ்வளவு உயரக் குதிரை?” என்று கேட்டதற்கு, “பதினாறு ஹேண்ட்” என்றாள். குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து தோள்மேடு வரை கை அகலத்தால் அளப்பது பழைய வழக்கம். ஆளுக்கு ஆள் கை மாறுமே என்று, எட்டாம் ஹென்றி காலத்தில் ஒரு ஹேண்ட் என்றால் 4 அங்குலம் என்று சட்டம் போட்டு நிலைப்படுத்தினார்கள். பதினாறு ஹேண்ட் என்றால் 64 அங்குலம். 14.2 என்று எழுதினால் 14 ஹேண்டும் 2 அங்குலமும். அந்தப் புள்ளிக்குப் பிறகு 3-க்கு மேல் எண் வராது என்று அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

நம் பூக்காரம்மா முழம் போட்டு அளப்பதை அவளிடம் சொன்னேன். கை நீளமான பூக்காரியிடம் வாங்கினால் லாபம் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். பதிலுக்கு ‘ஹேண்ட்ஸ் டவுன்’ என்ற தொடரை விளக்கினாள். பந்தயத்தில் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டவன் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. கையைத் தாழ்த்திக்கொண்டே எல்லையைத் தாண்டலாம். எளிதாக ஜெயிப்பதற்கு அந்தத் தொடர் அங்கிருந்து வந்தது. பட்டியலில் ‘சுலபமான வெற்றி’ என்று படித்த எனக்கு, அன்று அதில் குதிரையும் கடிவாளமும் தளர்ந்த இரண்டு கைகளும் தெரிந்தன.

லிவர்பூலில் இருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு முதிய மாலுமிக்கு மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கியிருந்தன. உள்ளங்கைத் தோலுக்கு அடியிலுள்ள திசு தடித்துச் சுருங்குவதால் வரும் கோளாறு அது. 1831-இல் அதை விளக்கிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் தூப்புய்த்ரான் பெயரால் அழைக்கிறார்கள். வட ஐரோப்பியர்களிடம் அதிகம். கையை மேசையில் தட்டையாக வைக்கச் சொன்னால் வைக்க முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக்கில் அவர் கைக்குத் தகுந்த ஸ்பிளின்ட் ஒன்றை நான் செய்து கொடுத்தேன்.

கப்பலில் ‘ஹேண்ட்’ என்றால் மாலுமி. ‘ஆல் ஹேண்ட்ஸ்’ என்று குரல் வந்தால் தூங்குகிறவனும் எழுந்து மேல்தளத்துக்கு ஓட வேண்டும். கயிற்றில் கைமேல் கை வைத்து வேகமாக ஏறுவதிலிருந்து பிறந்த தொடர், இன்று பணம் குவிவதற்குச் சொல்கிற ‘ஹேண்ட் ஓவர் ஃபிஸ்ட்’. பழம் ஏற்றிவரும் கப்பலில் வாழைச் சீப்புக்கும் ‘ஹேண்ட்’ என்றே பெயர், ஒற்றைப் பழம் ‘ஃபிங்கர்’. நமக்குச் சீப்பாகத் தெரிந்தது அவர்களுக்கு விரல் விரித்த கையாகத் தெரிந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் உற்சாகமாகச் சொல்வார். ஆனால் ஒரு தொடரைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும்: ‘லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்’. கப்பலும் அதிலிருந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள் என்ற செய்தியைச் சொல்லும் வாசகம். துறைமுக ஊர்களில் அந்த வாசகம் வந்த நாளில் எத்தனை வீட்டு வாசல்கள் இருண்டிருக்கும் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாய்மரத்தில் ஏறும் புதியவனுக்குப் பழைய மாலுமிகள் சொல்லும் விதி ஒன்றை அவர் எனக்குத் தந்தார்: ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு. ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொள், மற்றக் கையால் வேலை செய். இரண்டு கையையும் கப்பலுக்கே கொடுத்தவன் கடலில் விழுவான். கை ஒடிய உழைத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலருக்கும் இந்த விதியை நான் பின்னாளில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள், முக்கியமாகப் பெண்கள், “அதெல்லாம் முடியுமா?” என்றுதான் கேட்டார்கள்.

இடக்கைக்காரர்களுக்கு ஆங்கிலம் நியாயம் செய்யவில்லை. ‘சினிஸ்டர்’ என்றால் தீமை தொனிக்கும் சொல், அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் இடப்பக்கம். 1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தின் கிராமங்களில் வட்டார வழக்குகளைத் தொகுத்தபோது, இடக்கைக்காரரைக் குறிக்க ஊருக்கு ஊர் ஒரு சொல் கிடைத்தது. கே-பாட், காக்-ஹேண்டட், கட்டி-விஃப்டர் என்று நீளும் அந்த வரிசையில் பெரும்பாலானவை கேலி. ஒரு முதியவர் வலக்கையை இயந்திரத்தில் கொடுத்துவிட்டு வந்தார். பிறவியில் இடக்கைக்காரர். பள்ளியில் அடித்து அடித்து வலக்கையால் எழுத வைத்திருந்தார்கள். இப்போது இடக்கைக்கு எழுத்துப் பயிற்சி தந்தேன். சில வாரங்களில், வலக்கையில் எழுதியதைவிட அழகாகத் தன் பெயரை எழுதினார். எழுத்துக்கும் ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்று பெயர் உண்டு. தன் சொந்தக் கையெழுத்தை அவர் அந்த வயதில்தான் கண்டார்.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. இங்கிலாந்தில் அறுவை மருத்துவரை ‘டாக்டர்’ என்று கூப்பிடக் கூடாது, ‘மிஸ்டர்’ என்று கூப்பிட வேண்டும். புதிதில் எனக்கு அது விநோதமாக இருந்தது. காரணம் பழையது. பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய வைத்தியர் நோயாளியை ஆராய்ந்து மருந்து எழுதுவார். அறுப்பதும் தைப்பதும் கைவேலை. அதைச் செய்தவர்கள் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தார்கள். 1540-இல் சேர்த்த அந்தச் சங்கம் 1745-இல்தான் பிரிந்தது. ‘சர்ஜன்’ என்ற சொல்லே கிரேக்கத்தில் ‘கையால் வேலை செய்பவர்’ என்பதிலிருந்து வந்தது. காலப்போக்கில் அந்தக் கைவேலை சமூகத்தின் உச்சிக்குப் போனது. ‘மிஸ்டர்’ என்பதே பெருமைக்குரிய பட்டமானது.

எங்கள் பிரிவின் அறுவை மருத்துவர், ஆலையில் வேலை பார்த்த மூதாட்டியின் மணிக்கட்டைத் திறந்து நரம்பை விடுவித்தார். இருவரும் கைவேலைக்காரர்கள். இருவருக்கும் விரல்நுனியில்தான் தொழில். அவர் தொட்டு நரம்பை அறிவார், இவர் தொட்டுத் துணியை அறிவார். ஆனால் மொழி ஒருவரை ‘மிஸ்டர்’ என்றது, மற்றவரை ‘ஹேண்ட்’ என்றது. திறமையில் இருந்த வேறுபாடு அல்ல இது. கூலியிலும் குலத்திலும் இருந்த வேறுபாட்டை மொழி அப்படியே எழுதி வைத்துக்கொண்டது. லத்தீனில் கைக்குரிய ‘மனுஸ்’ என்ற சொல்லுக்கு அதிகாரம் என்றும் பொருள். ‘எமான்சிபேஷன்’ என்ற விடுதலைக்குள் அந்தக் கைதான் இருக்கிறது: பிடியிலிருந்து வெளியே வருவது. அதிகாரத்தைக் குறிக்கவும் விடுதலையைக் குறிக்கவும் ஒரே உறுப்பைத்தான் மனிதர்கள் தேடியிருக்கிறார்கள்.

இப்போது ஊர் திரும்பி, வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சு சொல்லித் தருகிறேன். அவர்களும் பட்டியலோடுதான் வருகிறார்கள். ‘நோ லைக் தி பேக் ஆஃப் மை ஹேண்ட்’ என்றால் நன்றாகத் தெரிந்திருப்பது என்று ஒப்பிக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் புறங்கையைப் பார்க்கிறார், நாம் உள்ளங்கை நெல்லிக்கனி என்று உள்ளங்கையைப் பார்க்கிறோம் என்று சொன்னால் அவர்கள் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதன்பிறகு அந்தத் தொடர் அவர்களுக்கு மறப்பதில்லை. ‘கிவ் அஸ் எ ஹேண்ட்’ என்று ஒரு லங்காஷயர்க்காரர் படுக்கையிலிருந்து சொன்னால், அவர் ‘அஸ்’ என்றாலும் தனக்கு மட்டும்தான் உதவி கேட்கிறார் என்பதும், கேட்பதற்கு அவர் எவ்வளவு கூச்சப்பட்டிருப்பார் என்பதும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மரபுத்தொடரைப் பொருளோடு நிறுத்தாதீர்கள். அது எந்தத் தொழிலில் பிறந்தது, யார் அதைச் சொன்னார்கள், சொன்னவரின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தறியும் சுரங்கமும் லாயமும் கப்பலும் வகுப்பறைக்குள் வரட்டும். ஒரு மொழியின் தொடர்களை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் அதை எழுதத் தெரியாத உழைப்பாளிகள். அவர்களை விட்டுவிட்டு அவர்களுடைய சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமல்ல.